பாமினி ஃபைலில் இருக்கும் பம்ப் கையேட்டை இன்டிசைனில் ஏ5 புத்தகமாக்குவது: எழுத்து உடைகிறது, வரி தப்பாக முறிகிறது (கேள்வி கேட்பவர்: மூலப்படி; பதில் சொல்பவர்கள்: அச்சுக்கோப்பு, சிவப்புமை, நாலுகலர்)

மூலப்படி:

வணக்கம். சப்மெர்சிபிள் பம்புக்கான பயனர் கையேடு. மூலம் வேர்ட் ஃபைல். தமிழ் முழுக்க பாமினி என்ற பழைய, யூனிகோடு அல்லாத எழுத்துருவில், மாடல் எண்ணும் அலகுகளும் மட்டும் ஆங்கிலத்தில். அச்சில் ஏ5 அளவு, அட்டையோடு சேர்த்து 36 பக்கம், சென்டர் பின். அட்டை நான்கு வண்ணம், உள்ளே கருப்பு மட்டும். அதே பிடிஎஃப் இணையத்திலும் ஏற வேண்டும். பிறகு இந்தியிலும் கன்னடத்திலும் இதே வடிவமைப்பில் வரும்.

ஃபைல் முழுவதையும் தேர்ந்தெடுத்து யூனிகோடுக்கு மாற்றி, நோட்டோ சான்ஸ் தமிழ் எழுத்துருவில், பக்க வடிவமைப்பு மென்பொருளான இன்டிசைனுக்குள் ஒட்டியாயிற்று. இப்போது நிற்கும் சிக்கல்கள்:

"5 மி.மீ." இருக்க வேண்டிய இடமெல்லாம் "5 அஅ" என்று வருகிறது. ெ, ே, ை மூன்றும் எழுத்துக்கு வலப்பக்கம் போய் நிற்கின்றன, ஆனால் சில பத்திகளில் மட்டும். இரு பக்கமும் சமன் செய்தால் சொற்களுக்கு நடுவே ஓட்டை ஓட்டையாக இடைவெளி. சோதனைக்கு எடுத்த பிடிஎஃப்பில் "மோட்டார்" என்று தேடினால் ஒன்றுகூடக் கிடைக்கவில்லை, "பம்ப்" என்று தேடினால் எல்லாம் கிடைக்கிறது.

எதை முதலில் சரிசெய்வது? எழுத்துரு மாற்றிப் பார்த்தும் பலன் இல்லை.

அச்சுக்கோப்பு:

எழுத்துருவை விடுங்கள், குற்றம் அதில் இல்லை. பக்க வடிவமைப்பையும் இப்போதைக்குத் தொடாதீர்கள். வேர்டிலேயே உரை சுத்தமாகாமல் இன்டிசைனுக்குள் போனால், 36 பக்கத்திலும் அதே பிழையைக் கையால் பொறுக்க வேண்டியிருக்கும்.

"அஅ" எப்படி வருகிறது என்றால், பாமினி ஒரு குறியாக்கமே அல்ல. ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் உருவத்தை வரைந்து வைத்த எழுத்துரு, அவ்வளவுதான். ரோமன் சிற்றெழுத்து எம் இருக்கும் இடத்தில் அதில் அகரம் இருக்கிறது. எனவே மில்லிமீட்டருக்கான இரட்டை எம் மாற்றியின் கண்ணுக்கு "அஅ". கிலோகிராம் குறி "மப" ஆகியிருக்கும். ஆங்கிலத்தில் பம்ப் என்று அடித்த நான்கெழுத்து "ிரஅி" என்று வந்திருக்கும். மாற்றியைக் குறை சொல்லிப் பயனில்லை. எது தமிழ், எது ஆங்கிலம் என்று அதற்குச் சொல்லும் ஒரே அடையாளம் எழுத்துருவின் பெயர்தான், வெறும் உரையாக ஒட்டும்போது அது போய்விடுகிறது.

ஆகவே மூல வேர்ட் ஃபைலுக்கே திரும்புங்கள். கண்டுபிடி-மாற்று பெட்டியில் ஃபார்மட், ஃபான்ட் போய் பாமினியைத் தேர்ந்தெடுத்து, அந்த எழுத்துருவில் உள்ளதை மட்டும் தேடச் சொல்லுங்கள். அந்தத் துண்டுகளை மட்டும் மாற்ற வேண்டும். என்எச்எம் கன்வர்ட்டர் என்ற மாற்றி மென்பொருள் போதும். எழுத்துரு பெயர் பார்த்து மாற்றும் வேர்ட் மேக்ரோ கையில் இருந்தால் இன்னும் வேகம். டாப் (TAB) என்ற பழைய குறியாக்கத்தில் அடித்த ஃபைலாக இருந்தால் இந்தத் தொல்லை இல்லை. அது இருமொழிக் குறியாக்கம், ஆங்கிலம் அப்படியே தப்பிக்கும்.

மாற்றி முடித்ததும் வேட்டை. பழைய எழுத்துருக்களில் "ர்" அடிப்பதற்குக் காலைப் போட்டுப் புள்ளி வைப்பது வழக்கம், பார்வைக்கு வேறுபாடே தெரியாது. யூனிகோடுக்கு வந்த பிறகும் அது காலும் புள்ளியுமாகவே நிற்கும்: "மோட்டாா்", "எச்சாிக்கை". பல எழுத்துருக்களில் திரையில் சரியாகவே தெரியும் என்பதால் மெய்ப்புப் பார்க்கிறவர் கண்ணிலும் படாது. தேடலில் மட்டும் அகப்படாது. இன்டிசைனின் கிரெப் தேடலில் (சொல்லாக அல்லாமல் குறிகளின் அமைப்பாகத் தேடுவது) இதைப் போடுங்கள்:

ா(?=[்ிீ])

மாற்று இடத்தில் ர. துணைக்காலுக்கு அடுத்தாற்போல் புள்ளியோ இகர, ஈகாரக் குறியோ தமிழில் வரவே வராது, எனவே "அனைத்தையும் மாற்று" என்று தைரியமாகக் கொடுக்கலாம்.

ஔகாரத்துக்கு மட்டும் அப்படிச் செய்யாதீர்கள். "கெளரவம்" தப்பு, "கௌரவம்" சரி. ஆனால் "கெளுத்தி" சரியான சொல். ஒவ்வொன்றாகப் பார்த்துத்தான் மாற்ற வேண்டும். "ஒளி"யும் அப்படித்தான்.

கொம்பு வலப்பக்கம் போவது பத்திக் கம்போசர் கோளாறு, அதாவது எழுத்தை அடுக்கி வரியாக்கும் பகுதியின் கோளாறு. பாராகிராஃப் ஸ்டைலைத் திறந்து, ஜஸ்டிஃபிகேஷன் பகுதியில் கம்போசர் என்ற இடத்தில் அடோபி வேர்ல்டு-ரெடி பாராகிராஃப் கம்போசர் வைக்க வேண்டும். அட்வான்ஸ்டு கேரக்டர் ஃபார்மட்ஸில் மொழியைத் தமிழ் என்று கொடுங்கள். சில பத்திகளில் மட்டும் உடைவதற்குக் காரணம், வேர்டிலிருந்து ஒட்டும்போது அதன் ஸ்டைல்களும் கூடவே வந்து பழைய கம்போசரோடு உட்கார்ந்துவிடுகின்றன. அட்டவணைக் கட்டங்கள், உள்ளடக்கப் பட்டியல், அடிக்குறிப்பு மூன்றுக்கும் தனித்தனி ஸ்டைல் இருக்கும்; உடைந்த எழுத்து கடைசிவரை ஒளிந்திருப்பது அங்கேதான். எந்த ஆவணமும் திறக்காத நிலையில் இதே அமைப்பை வைத்துவிட்டால் அடுத்து உருவாக்கும் ஃபைல் எல்லாவற்றுக்கும் அதுவே இயல்பாகிவிடும்.

இன்னொன்று, ஒட்டாதீர்கள். ஃபைல் மெனுவில் பிளேஸ் கொடுத்து, இம்போர்ட் ஆப்ஷன்ஸைக் காட்டச் சொல்லி, வேர்ட் ஸ்டைல் ஒவ்வொன்றுக்கும் இன்டிசைன் ஸ்டைலை அங்கேயே ஜோடி சேருங்கள்.

சிவப்புமை:

மேலே சொன்னதை முடித்த பிறகு படிக்க வேண்டியது இது. கையேட்டில் வரி முறிவு அழகுப் பிரச்சினை மட்டும் அல்ல, பாதுகாப்புப் பிரச்சினை.

தமிழில் வினை கடைசியில் வரும், "வேண்டாம்" என்பது அதற்கும் கடைசியில் வரும். ஹைபனேஷன் போட்டு வைத்திருந்தால் இப்படி நடக்கும்:

மெயின் சுவிட்ச் ஆனில் இருக்கும்போது ஸ்டார்ட்டர் மூடியைத் திறக்கா-
தீர்கள்.

சொல் உடையாவிட்டாலும் ஆபத்து உண்டு. "மூடியைத் திறக்க" என்று ஒரு பக்கம் முடிந்து, "வேண்டாம்" அடுத்த பக்கத்தின் தலையில் போய் உட்கார்ந்தால், ஈரக் கையோடு நின்றுகொண்டு படிப்பவருக்கு முதல் பக்கம் சொல்வது நேர் எதிரான செய்தி. எச்சரிக்கைக்குத் தனிப் பத்தி ஸ்டைல் வையுங்கள்: ஹைபனேஷன் நிறுத்தம், எல்லா வரியும் சேர்ந்தே இருக்கும்படி கீப் லைன்ஸ் டுகெதர், அடுத்து வரும் படியோடு ஒட்ட கீப் வித் நெக்ஸ்ட் 1 வரி. "திறக்க வேண்டாம்", "தொடக் கூடாது" போன்றவற்றின் நடுவே உடையா இடைவெளி. எண்ணுக்கும் அலகுக்கும் நடுவேயும் அதே.

இதைவிட நல்லது வாக்கியத்தையே திருப்புவது. "மெயினை அணைக்காமல் மூடியைத் திறக்காதீர்கள்" என்று இரட்டை எதிர்மறை வேண்டாம். "மெயினை அணைத்த பிறகே மூடியைத் திறக்கவும்." எங்கே முறிந்தாலும் பொருள் கெடாது. எச்சரிக்கை, அது காக்க வேண்டிய படிக்கு முன்னால் வர வேண்டும். படி 4இல் மூடியைத் திறக்கச் சொல்லிவிட்டு படி 5க்குக் கீழே "மின்சாரம் பாயும்" என்று பெட்டி கட்டுவதைப் பல கையேடுகளில் பார்க்கலாம்.

அபாயம், எச்சரிக்கை, கவனம் மூன்றையும் கலந்து தெளிக்காதீர்கள். அமெரிக்க அன்சி இசட்535.6 தரம் வைத்திருக்கும் படிநிலையையே தமிழிலும் பின்பற்றலாம்: தவிர்க்காவிட்டால் உயிர்ச்சேதமோ பலத்த காயமோ நிச்சயம் என்றால் அபாயம், நேரக்கூடும் என்றால் எச்சரிக்கை, சிறு காயம் அல்லது நடுத்தரக் காயம் ஏற்படக்கூடும் என்றால் கவனம். கருவி மட்டும் கெடும் என்றால் அதற்குத் தனிச் சொல், "குறிப்பு" என்றோ "முக்கியம்" என்றோ. மின் அபாயத்துக்கு ஐஎஸ்ஓ 7010இல் டபிள்யூ012 குறி இருக்கிறது, மின்னலை நீங்களாக வரையத் தேவையில்லை.

இந்தி, கன்னடப் பதிப்பும் வரும் என்றீர்கள். அதற்காக பாகப் பெயர்களை டெக்ஸ்ட் வேரியபிளாக (ஓரிடத்தில் மாற்றினால் எல்லா இடத்திலும் மாறும் சொல்) வைக்கலாம் என்று யாராவது சொன்னால் தமிழில் அது ஓடாது. ஆங்கிலத்தில் பெயரை மாற்றினால் வாக்கியம் அப்படியே நிற்கும். தமிழில் "மூடி" மூடியை ஆகும், "பம்பு" பம்பை ஆகும், "கேபிள்" கேபிளை ஆகும். வேற்றுமை உருபை வேரியபிளுக்குப் பின்னால் ஒட்டினால் "பம்புஐக் கழற்றவும்" என்றுதான் வரும். வேரியபிள் வைத்தே ஆக வேண்டும் என்றால் பெயர் எழுவாயாக, தனியாக நிற்கும் இடங்களில் மட்டும் வையுங்கள்: தலைப்பு, அட்டவணையின் முதல் நிரல், படக் குறிப்பு. குறுக்குக் குறிப்பும் அப்படியே. "படம் 4-ஐப் பார்க்கவும்" என்பதைவிட "பார்க்க: படம் 4" என்று வைத்தால் எண் எதுவாக மாறினாலும் வாக்கியம் கெடாது.

சொல் மாற்றும்போது "வால்வு" என்று தேடினால் வால்வை, வால்வில் இரண்டும் தப்பிவிடும். "வால்வ" என்று அகரத்தோடு நிறுத்தித் தேடுங்கள், எல்லா வடிவமும் சிக்கும். ஆனால் அனைத்தையும் மாற்று கொடுக்கக் கூடாது. "அந்த வால்வு" என்பதில் ஒற்று இல்லை, அதே இடத்தில் "குழாய்" வந்தால் "அந்தக் குழாய்". மாற்றிய சொல்லுக்கு முன்னால் உள்ள சொல்லையும் படித்தாக வேண்டும்.

"கழற்றவும்" என்பதா "கழற்றுங்கள்" என்பதா என்ற சண்டையில் நான் எந்தப் பக்கமும் இல்லை. ஒன்றை வைத்துக்கொண்டு புத்தகம் முழுக்க அதையே எழுதுங்கள். "-வும்" வைத்தால் ஒரு படிக்கு ஒரு வினை மட்டும். "திறக்கவும் மூடவும்" என்று சேர்த்து எழுதிவிட்டால் அது கட்டளையா, "முடியும்" என்று முடியப்போகும் பட்டியலா என்று படிப்பவர் வரி முடியும்வரை காத்திருக்க வேண்டும்.

நாலுகலர்:

பக்க அளவுக்கு வருகிறேன். 148 × 210 மி.மீ., பிளீட் (வெட்டுக் கோட்டுக்கு வெளியே நீளும் அச்சு) நாலு பக்கமும் 3 மி.மீ. உள் ஓரம் 16, வெளி ஓரம் 14 வைத்தால் உரை அகலம் 118 மி.மீ. மேல் 16, கீழ் 18. எழுத்து 9.5 பாயின்ட், வரி இடைவெளி 14 பாயின்ட். இன்டிசைன் தானாக வைக்கும் 120 சதவீத லீடிங்கைத் தமிழுக்கு விட்டுவிடாதீர்கள். மேல்வரியின் ழூ, ஸ்ரீ போன்றவற்றின் வால் கீழ்வரியின் கொம்பிலும் புள்ளியிலும் இடிக்கும். 14இல் ஒரு பக்கத்துக்கு 35 வரி கிடைக்கும்.

சமன் செய்தால் ஓட்டை விழுகிறது என்பதற்கு: படிகளுக்கும் அட்டவணைக்கும் இடச் சீர் மட்டும் போதும், வலது ஓரம் ஒழுங்கில்லாமல் இருக்கட்டும். கையேட்டை யாரும் நாவல் மாதிரி வாசிக்கப் போவதில்லை. ஓட்டையை அடைக்க லெட்டர் ஸ்பேஸிங்கை மட்டும் இழுத்துவிடாதீர்கள். தமிழில் அது எழுத்துக்கும் காலுக்கும் நடுவே இடைவெளி போடும், "கா" இரண்டு துண்டாகத் தெரியும். சாய்வெழுத்தும் வேண்டாம். பெரும்பாலான தமிழ் எழுத்துருக்களில் சாய்வு வடிவமே கிடையாது, மென்பொருள் சும்மா தள்ளிச் சாய்க்கும். அழுத்தம் வேண்டுமானால் தடிமன் கூட்டுங்கள். ஹிந்த் மதுரையில் ஐந்து தடிமன் இருக்கிறது, முக்தா மலரில் ஏழு.

வேர்டிலிருந்து வரும் கருப்பு பல நேரம் ஆர்ஜிபி கருப்பு, அதாவது திரைக்கான கருப்பு. பிரஸ்ஸில் அது நான்கு வண்ணமாகப் பிரியும். உள்பக்கம் ஒரே பிளேட் என்று விலை பேசியிருப்பீர்கள். அங்கே அது சாம்பலாக விழும், நான்கு பிளேட்டில் ஓட்டினால் இம்மி நகர்ந்தாலும் 9.5 பாயின்ட் எழுத்துக்கு நிழல் அடிக்கும். விண்டோ, அவுட்புட் வழியாக செப்பரேஷன்ஸ் பிரிவியூ திறந்து கருப்புத் தட்டை மட்டும் அணையுங்கள். உள்பக்கத்தில் எந்த எழுத்தாவது மிச்சம் தெரிந்தால் அது தப்பான கருப்பு. அந்த ஸ்வாட்சை (சேமித்த வண்ணம்) அழித்து, அதன் இடத்தில் அடைப்புக்குறிக்குள் இருக்கும் பிளாக்கைக் கொடுங்கள்.

36 என்பது 4ஆல் வகுபடுகிறது, சென்டர் பின்னுக்குச் சரி. ஆக 9 தாள் ஒன்றுக்குள் ஒன்று மடியும். 70 ஜிஎஸ்எம் மேப்லித்தோ என்றால் நடுத்தாள் முக்கால் மி.மீ. அளவுக்கு வெளியே தள்ளும், வெட்டும்போது அது போய்விடும். பக்க எண்ணை வெட்டு ஓரத்திலிருந்து 5 மி.மீ.க்குள் வைக்காதீர்கள்.

பாகங்களின் கோட்டுப் படம் வெக்டராக இருக்கட்டும். புற வரை 0.5 பாயின்ட், சுட்டும் கோடு 0.25க்குக் குறையாமல். படத்துக்குள் தமிழில் பெயர் எழுதாதீர்கள். 1, 2, 3 என்று எண் போட்டு, பெயர்களை இன்டிசைனில் பக்கத்திலேயே பட்டியலாக வைத்தால் கன்னடப் பதிப்புக்கு ஓவியரைத் தேட வேண்டியதில்லை. புகைப்படம் முழு அகலத்துக்கு வந்தால் சுமார் 1,400 பிக்சல் தேவை, அங்குலத்துக்கு 300 பிக்சல் (பிபிஐ) கணக்கு. வாட்ஸாப்பில் படமாக வந்தது வேண்டாம், டாக்குமெண்டாக அனுப்பச் சொல்லுங்கள்.

மூலப்படி:

மிக்க நன்றி. "அஅ" தீர்ந்தது, கிரெப் 212 இடத்தில் "ா்" வகையைப் பிடித்தது. கம்போசரும் சரி. இரண்டு புதுச் சிக்கல். சிவப்புமை சொன்னபடி எச்சரிக்கைக் கடைசிச் சொற்களுக்கு நோ பிரேக் (இடையில் உடையாமல் பிடிக்கும் அமைப்பு) கொடுத்த பிறகு, அட்டவணையில் ஒரு கட்டத்தில் எழுத்தே காணவில்லை, சிவப்புப் புள்ளி மட்டும் நிற்கிறது. பிரஸ் "கர்வ் பண்ணி அனுப்புங்க" என்கிறார்கள், அதாவது எழுத்தையெல்லாம் கோட்டு வடிவமாக மாற்றி; செய்யலாமா? பிடிஎஃப் தேடல் இன்னும் அப்படியே.

சிவப்புமை:

காணாமல் போகவில்லை, ஓவர்செட் ஆகிவிட்டது, அதாவது கட்டத்துக்குள் கொள்ளவில்லை. நோ பிரேக் கொடுத்த துண்டு கட்டத்தின் அகலத்தைவிட நீளம். உடைக்கவும் முடியாது, இடமும் இல்லை என்றால் இன்டிசைன் அந்த இடத்திலிருந்து உரையை மறைத்துவிடும். முழு வாக்கியத்துக்கும் நோ பிரேக் கொடுத்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன். கடைசி இரண்டு சொல்லுக்கு மட்டும் கொடுங்கள், அல்லது அந்த நிரலை அகலமாக்குங்கள். பிழைகளைக் காட்டும் பிரீஃபிளைட் பேனலில் ஓவர்செட் சோதனை எப்போதும் இயங்கட்டும். காணாமல் போவது எச்சரிக்கையாக இருக்கும் என்பதால் சொல்கிறேன்.

அச்சுக்கோப்பு:

தேடல் சிக்கலுக்குக் காரணம் பிடிஎஃப்பின் இயல்பு. அது எழுத்தைச் சேமிப்பது நீங்கள் தட்டிய வரிசையில் அல்ல, தாளில் வரைந்த வரிசையில். "மோ" வரைய முதலில் ே, பிறகு ம, பிறகு ா. அங்கிருந்து நகலெடுத்து நோட்பேடில் ஒட்டிப் பாருங்கள், "ேமாட்டார்" என்று வரும். "பம்ப்" என்பதில் இடப்பக்கக் கொம்பு இல்லை, அதனால் கிடைக்கிறது. "கேபிள்", "பொருத்துதல்", "வயரை" எல்லாம் சிக்கும் சொற்கள். சோதிப்பதற்கு "கேபிள்" ஒன்று போதும்.

டேக்டு பிடிஎஃப் (தலைப்பு, பத்தி என்று அடையாளம் இட்டது) ஆக எடுங்கள், திரை வாசிப்பிக்குப் பத்தி வரிசை சரியாகப் போகும். ஆனால் சொல்லுக்குள் இருக்கும் இந்த வரிசைக் கோளாறு அதனால் தீரும் என்று நம்ப வேண்டாம். ஸீடெக் என்ற அச்சுக்கோப்பு மென்பொருளில் ஒவ்வொரு சொல்லுக்கும் ஆக்சுவல்டெக்ஸ்ட் (தட்டிய வரிசையிலான உரை) எழுத வைக்கும் அமைப்பு உண்டு, அதற்காக 36 பக்கத்தையும் அங்கே கொண்டுபோவது உங்களுக்குத் தேவையில்லாத வேலை. உள்ளடக்கப் பட்டியலை உருவாக்கும்போது பிடிஎஃப் புக்மார்க் உருவாக்கு என்பதை டிக் செய்யுங்கள். புக்மார்க் யூனிகோடாகவே உள்ளே போகும், இந்தக் குழப்பம் அதற்கு இல்லை. கூடவே இன்டிசைனிலிருந்தே எச்டிஎம்எல் எடுத்து தளத்தில் வையுங்கள். கூகுளில் தேடுகிறவருக்கு அதுதான் கிடைக்க வேண்டும்.

பின்னிணைப்பில் அகரவரிசைப் பட்டியல் இருந்தால் ஒரு எச்சரிக்கை. யூனிகோடு எண் வரிசையில் அடுக்கினால் ன ப-வுக்கு முன்னால் வரும், ஜ ச-வுக்குப் பின்னால் வரும், மெய்யெழுத்து கௌ-வுக்கும் பின்னால் போய்விடும். சொற்களை லிப்ரே ஆஃபீஸ் கால்க்கில் போட்டு, வரிசைப்படுத்தும் பெட்டியின் ஆப்ஷன்ஸில் மொழியைத் தமிழ் என்று வைத்து அடுக்கிக்கொண்டு வாருங்கள்.

நாலுகலர்:

கர்வ் கேள்விக்கு: பிரஸ்ஸுக்கு அச்சுக்கான பிடிஎஃப் வகையான பிடிஎஃப்/எக்ஸ்-4 கொடுங்கள், எழுத்துரு உள்ளேயே பொதிந்திருக்கும், கர்வ் தேவையில்லை. கோரல்டிராவில் தமிழ் உடைந்துபோன அனுபவத்தில்தான் பல இடங்களில் அப்படிக் கேட்கிறார்கள். பிடிவாதமாகக் கேட்டால் தனி நகலில் கர்வ் செய்து கொடுங்கள், மூல ஃபைலில் செய்யாதீர்கள். கர்வ் ஆன நகலில் கடைசி நேரத்தில் ஒரு புள்ளி திருத்தவும் வழி இல்லை. அதை இணையத்தில் ஏற்றினால் தேடலுக்கு "பம்ப்" கூடக் கிடைக்காது. பேஜ்மேக்கர் ஃபைலாகக் கேட்டால் மட்டும் மறுத்துவிடுங்கள், அதற்கு யூனிகோடு தெரியாது. மறுபடி பாமினிக்குத்தான் போக வேண்டியிருக்கும்.

தட்டு எடுப்பதற்கு முன் பிரஸ்ஸிலிருந்து ரிப் செய்த (தட்டுக்காகப் புள்ளிகளாக மாற்றிய) பிடிஎஃப்பை வாங்கி, 7ஆம் பக்கம் மாதிரி எச்சரிக்கையும் அட்டவணையும் சேர்ந்து இருக்கும் ஒரு பக்கத்தை அசல் அளவில் லேசரில் அடித்து மடித்துப் பாருங்கள்.